ஒன்பது ஊசிக்குருவிகள்

பென்சில் முனை அட்டையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. இடது கை அட்டையை அடியிலிருந்த தகரத் தட்டோடு சேர்த்துப் பிடித்திருந்தது. வலது கை வட்டத்துக்குள் ஒரு சின்னப் புள்ளி வைத்து, பக்கத்தில் இரண்டு எழுத்து எழுதியது. சற்றுப் பொறுத்து இன்னொரு புள்ளி. விடிந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நாணலிலிருந்து எழுந்த பனி அட்டையை நனைத்திருந்தது. அதனால்தான் பென்சில். பேனாவின் மை இந்த ஈரத்தில் ஊறிப் பரவி, எட்டு மணிக்குள் ஒரு பறவை இரண்டு பறவையாகிவிடும்.

அது ஏழாவது இடம். சதுப்பின் கரைமேட்டில் இருநூறு மீட்டருக்கு ஒன்றாகப் பதினாறு முளைகள் அறைந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முளையருகிலும் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். ஐம்பது தப்படிக்குள் கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும், எந்தத் திசை எவ்வளவு தூரம் என்று பார்த்து வட்டத்துக்குள் புள்ளியாக வைக்க வேண்டும். குஞ்சு பொரிக்கும் பருவத்தில் நான்கு காலை இப்படி நடந்தால், நான்கில் எது மிகுந்த எண்ணிக்கையோ அதுவே அந்த ஆண்டின் கணக்கு.

"மேடம், பின்னாடி ஏதோ கத்துது" என்றார் தண்ணீர்ப் பையோடு நின்ற ஜீப் ஓட்டுநர்.

அவள் திரும்பவில்லை. கடிகாரத்தில் ஐந்து நிமிடம் முடிந்த பிறகே வாய் திறந்தாள். "எத்தனை தடவை சொல்றது? நீங்க சொன்னா கணக்குல சேராது. என் காதுல விழுந்தாத்தான் சேரும்."

"அப்போ எனக்குக் காது எதுக்கு மேடம்?"

"எஞ்சின் சத்தம் கேக்க."

பார்ப்பதற்கு இது பிடிவாதம். தொழிலில் இதுதான் நேர்மை. துணைக்கு வருகிறவர் எப்போதும் ஒரே ஆளாக இருக்க மாட்டார். ஒருவர் காது கூர்மை, இன்னொருவர் தூங்குமூஞ்சி. அவர்கள் காட்டியதையெல்லாம் சேர்த்தால் பறவை கூடியதா, ஆள் கூடியதா என்று தெரியாமல் போகும். ஒரே ஆள், ஒரே இடம், ஒரே நேரம். ஐம்பத்தெட்டு வயதான அந்தப் பறவை ஆய்வாளர் இருபத்திரண்டு வருஷமாக இதில் இம்மி பிசகியதில்லை. முதல் முளைக்கு ஐந்து ஐம்பதுக்கு வந்தால், பதினாறாவது முளையை ஏழு ஐம்பத்தைந்துக்கு விடுவாள். ஆளும் உயரம். அவளுக்கு 'மணிக்கூண்டு' என்று பெயர் வைத்ததே இந்த ஓட்டுநர்தான். கொஞ்ச காலம் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு அவளே தொலைபேசியை எடுத்து, "மணிக்கூண்டுதான் பேசுறேன்" என்று சொல்ல ஆரம்பித்ததும் கேலி செத்துப்போய்ப் பெயர் மட்டும் நின்றது.

அவள் முக்கியமாக எண்ணியது ஊசிக்குருவியை. கட்டைவிரல் அளவு, நாணலின் தூரோடு ஒட்டியே வாழும். கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. கண்ணாடிமேல் ஊசியை இழுத்தாற்போன்ற குரல் ஒன்றுதான் அது இருப்பதற்கு அடையாளம். பூச்சியைத் தின்று, பூச்சியையே ஊட்டிக் குஞ்சு வளர்க்கிற ஜீவன். சதுப்பில் எது கெட்டாலும் முதல் அடி அதற்குத்தான் விழும்.

எட்டு வருஷத்துக்கு முன் நீர்த்துறை கொசுப்புழுவைக் கொல்லச் சதுப்பில் மருந்துக் குருணை தூவ அனுமதி கேட்டது. நகரத்தில் காய்ச்சல் பரவியிருந்த சமயம், மறுக்க முடியாது. அவள் வேலை பார்க்கும் பறவை ஆய்வு நிலையம் ஒரு நிபந்தனை போட்டது. ஊசிக்குருவியின் பழைய சராசரி பதினெட்டு. தொடர்ந்து இரண்டு ஆண்டு அதில் பாதிக்கும் கீழே, அதாவது ஒன்பதுக்குக் கீழே போனால், தூவுவதை நிறுத்த வேண்டும். அன்றிலிருந்து அவளுடைய அட்டையே அனுமதிச் சீட்டானது. பதினொன்று, பத்து, பத்து, ஒன்பது, பத்து, ஒன்பது. குறைந்தது, ஆனால் கோட்டைத் தாண்டவில்லை. இந்த ஆண்டு முதல் மூன்று காலையும் எண்ணியாகிவிட்டது: ஒன்பது. அனுமதியை இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டிக்கும் கோப்பு அவள் அறிக்கைக்காகக் காத்துக்கிடந்தது.

திரும்பும்போது ஓட்டுநர் ஜீப்பின் முன்கண்ணாடியை விரலால் தட்டிக் காட்டினார். "முன்னெல்லாம் இந்தக் கரையில ஒரு தரம் போய்வந்தா பூச்சியைச் சுரண்ட ஒரு வாளி தண்ணி வேணும். இப்போ பாருங்க, புது மாப்பிள்ளை முகம் மாதிரி பளபளன்னு இருக்கு. எனக்கு நிம்மதி."

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். ஒரு சிறகுகூட ஒட்டியிருக்கவில்லை. அவளுக்கு அது நிம்மதியாக இல்லை.

அன்று மாலை பின்வாசல் படியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதிரே ஒரு பழைய கப்பியைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கவனிச்சீங்களா? இந்த வருஷம் சில்வண்டு சத்தம்கூட நின்னுபோச்சு. எல்லாம் அந்தக் குருணையாலதான்னு நினைக்கிறேன். சதுப்புல ஆரம்பிச்சு வீட்டு வாசல் வரைக்கும் வந்துடுச்சு."

அவர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். "என்ன நின்னுபோச்சு?"

"சில்வண்டு."

"விளையாடுறியா? அரைமணி நேரமா காதைத் துளைக்குது. உன் தலைக்கு மேல, அந்தக் கொடிக்குள்ளதான் ஒண்ணு உக்காந்து உயிரை வாங்குது."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து கொடியை உலுக்கினார். "இப்போ நின்னுச்சு" என்றார். சற்றுக் கழித்து, "இப்போ மறுபடி ஆரம்பிச்சுது" என்றார். அவளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மடித்த துண்டை மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

காது டாக்டர் அவளை ஒரு பெட்டி அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஒலிப்பான் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். முதலில் வந்ததெல்லாம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. இடைவேளை போலும் என்று நினைத்துக் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். டாக்டர் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் ஒரு தாளைக் காட்டினார். கோடு பாதிவரை மேசைபோல் சமமாகப் போய், அதற்குப் பிறகு கிணற்றுக்குள் விழுந்தாற்போல் இறங்கியிருந்தது. "பேச்செல்லாம் நல்லாக் கேக்கும். ரொம்ப உயர்ந்த சத்தம் மட்டும் போயிடுச்சு. வயசானா வர்றதுதான், உங்களுக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கு. ஆறேழு வருஷமா இறங்கிட்டு இருந்திருக்கணும். அன்றாட வாழ்க்கைக்கு இடைஞ்சல் இல்லைங்க. என்ன வேலை பாக்குறீங்க?"

அவள் சொன்னாள். டாக்டர் தாளை மேசையில் வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

நிலையத்தில் புள்ளிவிவரம் பார்ப்பவருக்குச் 'சராசரி' என்று பெயர். தன் வீட்டு வாடகையைக்கூடச் சராசரியாகத்தான் சொல்வார் என்பார்கள். அவள் தாளை நீட்டியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மேடம், இது நல்ல சேதியாச்சே! காது மந்தமானா என்ன ஆகும்? இருக்கிறதைக் கம்மியா எண்ணியிருப்பீங்க. ஒன்பதுன்னு எழுதினது நிஜத்துல பதினஞ்சா இருக்கும். குருவி ஒண்ணும் குறையலை, உங்க காதுதான் குறைஞ்சிருக்கு!"

இரண்டு நாள் தூங்காத அவளுக்கு இந்தப் பேச்சு இனித்தது. காது போனால் போகட்டும், குருவி இருந்தால் சரி என்று மனசார நினைத்தாள். ஆனாலும் உள்ளே ஒரு முள் நெருடியது. காது போன பிறகும் ஒன்பது எப்படி வந்தது? போன வாரம் ஐந்தாவது முளையில் அந்தக் குரலைக் கேட்டேனே. காதில் விழாத குரல் என்றால், நான் கேட்டது என்ன?

வௌவால் ஆராய்ச்சிக்கு வாங்கிய ஒலிப்பதிவுப் பெட்டிகள் அலமாரியில் இருந்தன. பதினாறு முளைகளிலும் ஒவ்வொன்றைக் கட்டினார்கள். நான்காவது காலை அவள் வழக்கம்போல் ஐந்து ஐம்பதுக்கு முதல் முளைக்கு வந்தாள். பனி தரையோடு படுத்திருந்தது. எத்தனையோ ஆண்டு இந்த நேரத்தில் நாணல் முழுக்கச் சிலந்தி வலை பனித்துளியோடு தொங்கும். இன்று ஒரு வலைகூட இல்லை.

ஐந்தாவது முளையில் அது கேட்டது. இடது பக்கம், சாய்ந்த நாணலுக்குப் பின்னால், முப்பது தப்படியில். கண்ணாடிமேல் ஊசி. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு புள்ளி வைத்தாள். கேட்கிறது, சத்தியமாகக் கேட்கிறது! ஏழில் கேட்டது. எட்டில் இரண்டு கேட்டது.

பதின்மூன்றாவது முளையில் ஓட்டுநர் முகத்தைச் சுளித்துக்கொண்டு காதைப் பொத்தினார். "இங்க என்னமோ பல்லு கூசற மாதிரி கத்துதே மேடம்."

"உஷ்" என்றாள் அவள். அங்கே அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. அட்டையில் எதுவும் எழுதவில்லை.

காலையின் கணக்கு: ஒன்பது.

பகல் முழுக்கச் சராசரியும் அவளும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பெட்டி பதிந்த சத்தத்தை அந்தத் திரை படமாக வரைந்துகாட்டும். தாழ்ந்த குரல் கீழே, உயர்ந்த குரல் மேலே. நாரை கத்தினால் கீழே கரிக்கோடு. ஊசிக்குருவி கத்தினால் மேல் ஓரத்தில் சீப்பின் பற்கள் மாதிரி வரும்.

"முதல் முளை. நாரை ரெண்டு, நீர்க்கோழி ஒண்ணு. நீங்களும் அதேதான் எழுதியிருக்கீங்க. பிரமாதம்" என்றார் சராசரி. "அஞ்சாவது முளை, ரெண்டாவது நிமிஷம், ஊசி." திரையை நகர்த்தினார். திரும்பவும் பின்னால் நகர்த்தினார். "மேடம், இங்க ஒண்ணும் இல்லையே."

"நல்லாப் பாருங்க. நான் கேட்டேன்."

"மேல் ஓரம் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. நீங்களே பாருங்க."

பார்த்தாள். ஏழைப் பார்த்தாள். எட்டைப் பார்த்தாள். ஒன்பது புள்ளிக்கும் மேல் ஓரம் வெறுமையாக இருந்தது. பதின்மூன்றாவது முளையில் மட்டும், ஒரே ஒரு தடவை, சீப்பின் பற்கள் பளிச்சென்று நின்றன. பெட்டியின்மேல் பழி போடவும் வழியில்லை. ஓட்டுநர் காதைப் பொத்திக்கொண்டு நின்ற அதே நிமிடம் அது.

சராசரி திரையை இன்னொரு தரம் முதலிலிருந்து ஓட்டினார்.

அவள் எழுந்து அலமாரியிலிருந்து இருபத்திரண்டு வருஷத்து அட்டைகளையும் எடுத்துவந்து தரையில் வரிசையாகப் பரப்பினாள். முழங்காலிட்டுப் பார்த்தாள். ஊசிக்குருவி ஒரு வருஷம் கூடு கட்டின தூரில் அடுத்த வருஷம் கட்டாது. நாணல் சாயும், நீர் ஏறும், அது இடம் மாறும். முதல் பதினைந்து வருஷத்துப் புள்ளிகள் அப்படித்தான் வட்டத்துக்கு வட்டம் ஓடிப் பிடித்து விளையாடின. அதற்குப் பிறகு நின்றுவிட்டன. கடைசி ஏழு வருஷமும் ஐந்தில் இடது பக்கம் முப்பது தப்படி, ஏழில் முளைக்கு நேரே, எட்டில் இரண்டு. ஆணி அடித்தாற்போல் அதே இடம். பத்தும் பதினொன்றும் வந்த ஆண்டுகளில், அந்த ஒன்பதோடு எங்கோ ஒன்றோ இரண்டோ ஒட்டியிருந்தன, அவ்வளவுதான்.

குருவி இடம் மாறும். ஞாபகம் மாறாது. காது கைவிட்ட இடத்தில், அங்கே இருந்தாக வேண்டும் என்று மனசே கத்தியிருக்கிறது; கை அதை எழுதியிருக்கிறது. புதிதாக வந்த ஒருவன் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது. ஒவ்வொரு முளையையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிந்தவள்தான் செய்ய முடியும். அவள் எண்ணாமல் விட்டிருந்தால்கூட யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். ஒன்பது என்று எழுதி எழுதிச் சதுப்பின் வாயை அவளே அடைத்துவிட்டாள்.

நிலைய இயக்குநர் அவளுக்குப் பிறகு வேலைக்கு வந்தவர். பதவி உயர்ந்தாலும் 'அக்கா' என்பதை விடவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஆனைக்கும் அடி சறுக்கும் அக்கா. இந்த வருஷம் ஒண்ணுன்னு போடுங்க, யாரு வேண்டாங்கிறா? பழசைத் தொடாதீங்க. காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சுடலாம்."

"என் காதை வெச்சா ஒண்ணும் முடியாது தம்பி."

அவர் சிரிக்க முயன்றார்.

"இந்த வருஷத்தை மட்டும் மாத்தினா ஒரு வருஷக் குறைவுன்னு ஆகும்" என்றாள். "நிபந்தனையில ரெண்டு வருஷம்னு இருக்கு. பத்து வருஷ அனுமதி கிடைச்சிடும். போன வருஷத்து ஒன்பதும் பொய்னு சொன்னாத்தான், நீட்டிக்க ஆதாரமே இல்லாம நிக்கும்."

"சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? இன்னும் நாலு சதுப்புல உங்க அட்டவணையைக் காட்டித்தான் குருணை தூவுறாங்க. 'அங்க ஏழு வருஷமா தூவியும் ஊசிக்குருவி பாதிக்குக் கீழே போகலை'ன்னு. அந்த நாலும் நம்ம தலையில விழும். உங்க இருபத்திரண்டு வருஷமும் குப்பைன்னு சொல்லுவாங்க. கூடவே என்னோட நிலையமும்."

நாலு சதுப்பு. அது அவளுக்குத் தெரியாது. இயக்குநர் அவளைத் தடுக்கச் சொன்ன வார்த்தைதான். அவளை நாற்காலியிலிருந்து எழுப்பியதும் அதுதான்.

"பதினஞ்சு வருஷம் நல்லா எண்ணியிருக்கேன்" என்றாள். "அதையாவது காப்பாத்தணும்னா இந்த ஏழை வெட்டித்தான் ஆகணும்."

வீட்டில் கணவர் முழுக்கக் கேட்டார். கடைசியில், "லிஃப்ட் கயிறு உள்ளுக்குள்ள இத்துப்போனது தெரிஞ்சப்புறம், மேல வர்ணப் பூச்சு அடிச்சுக் கொடுக்கிறவனும் இருக்கான்" என்றார். "அவன் அந்த லிஃப்ட்ல ஏற மாட்டான், அவ்வளவுதான். நீ எழுது. நான் சமையலைப் பாக்குறேன்."

"உங்களுக்குச் சமைக்கத் தெரியாதே."

"அது இப்போ உன் பிரச்சினை இல்லை."

மூன்று நாள் எழுதினாள். பழைய அட்டவணையை அழிக்கவில்லை. கடைசி ஏழு வரிகளின்மேலும் ஒரே ஒரு கோடு இழுத்தாள், அடியில் உள்ளது எவரும் படிக்கும்படி. பக்கத்தில் காரணம் எழுதினாள்: எண்ணியவரின் செவித்திறன் குறைவு, கேட்காததைக் கேட்டதாகப் பதிந்தது. காது டாக்டரின் தாள், திரைப் படங்கள், நகராத புள்ளிகளின் வரைபடம் மூன்றையும் இணைத்தாள். ஆறு ஆண்டுக்கு எண்ணிக்கை இல்லை என்றும், இந்த ஆண்டுக்கு ஒன்று என்றும் எழுதிக் கையெழுத்திட்டாள். இயக்குநர் தன் கையெழுத்துக்கான இடத்தைக் காலியாக விட்டு, கோப்பை அவள் மேசைக்கே திருப்பி அனுப்பினார். தடுக்கவும் இல்லை, துணைக்கும் வரவில்லை.

நீர்த்துறை அலுவலக முற்றத்தில் இரண்டு லாரிகள் நின்றன. தார்ப்பாய் மூடிக் கயிறு கட்டியாகிவிட்டது. ஓட்டைச் சாக்கிலிருந்து சிந்திய வெள்ளைக் குருணைகள் சக்கரத்தடியில் ஒரு சின்னக் குவியலாகக் கிடந்தன. அந்தக் குவியலைச் சுற்றி ஓர் எறும்புகூட இல்லை.

மாடியில் பொறியாளர் அம்மாள் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க வாங்க, உங்க கோப்புக்காகத்தான் எல்லாம் நிக்குது. லாரி நாலு சதுப்புக்கும் போகணும். எத்தனை மேடம், வழக்கம்போல ஒன்பதுதானே?"

"ஒண்ணு."

பொறியாளரின் பேனா நின்றது. "போன வருஷம்?"

"தெரியாது."

"அதுக்கு முன்னாடி?"

"அதுவும் தெரியாது. இந்த வருஷத்தோட சேர்த்து ஏழு வருஷமா நான் எழுதினது தப்பு. எப்படித் தப்புன்னு உள்ளே எழுதியிருக்கேன்."

அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். கீழே லாரி ஒன்று உறுமிக் கிளம்பத் தயாரானது. தரை வழியாக அந்த அதிர்வு அவள் காலில் ஏறியது.

பொறியாளர் குரலைத் தாழ்த்தினார். "இதை நான் வாங்கிட்டா பதிவேட்டுல ஏறிடும். அப்புறம் யாராலும் ஒண்ணும் பண்ண முடியாது. வீட்டுக்குக் கொண்டு போங்க. நாளைக்குத் திருத்திக் கொண்டாங்க."

"திருத்தித்தான் கொண்டு வந்திருக்கேன்" என்று கோப்பை மேசையின் குறுக்கே நீட்டினாள்.

நீட்டிய கையை அவள் இறக்கவில்லை. பொறியாளர் ஒரு முறை சன்னல் பக்கம் பார்த்தார். ஒரு முறை அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, கனமான ஏதோ ஒன்றை வாங்குகிறவர்போல் இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார்.